படித்தது பரீட்சையில் ஏன் வரவில்லை?



பொதுத்தேர்வு நெருங்குகிற மாதங்களில் எங்கள் பாம்பன் சபையின் ஜெபப் பெட்டியில் பென்சிலில் எழுதின சின்னச் சின்னச் சீட்டுகள் சேர ஆரம்பித்துவிடும். கடலுக்குப் போனவர்களுக்காக, வியாதிக்காக, கடனுக்காக என்று வருகிற சீட்டுகளுக்கு நடுவே இவையும் கிடக்கும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விண்ணப்பம்தான். "படிச்சது மறக்காம இருக்க ஜெபம் பண்ணுங்க."

இந்தத் தடவை ஒரு தங்கச்சி சீட்டு போடாமல் நேராகவே வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. அரையாண்டுப் பரீட்சையில் அறிவியலில் 27 மார்க். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா நண்டு கம்பெனியில் சதை எடுக்கிற வேலை. "ஐயா, எட்டுத் தடவை படிச்சேன். வீட்டுல படிக்கும்போது எல்லாம் தெரியுது. பேப்பரைப் பாத்ததும் ஒண்ணுமே வர மாட்டேங்குது. இந்த வருஷம் பாஸாகலேன்னா என்கூட கம்பெனிக்கு வந்துருன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜெபித்தோம். ஜெபித்து முடித்தபிறகு அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எட்டுத் தடவை படிச்சியே, புத்தகத்தை மூடிட்டு எத்தனை தடவை சொல்லிப் பார்த்தே?" அவள் என்னை விழித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூட இல்லை.

எனக்கு ஆச்சரியமில்லை. ஏனென்றால் 1984-ஆம் வருஷம் நானும் அப்படியே படித்து, அப்படியே ஒரு பாடத்தில் தோற்றவன். சமூக அறிவியல். புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். அடிக்கோடு போட்டுப் போட்டு பக்கமெல்லாம் சிவப்பு. ஹாலில் உட்கார்ந்தபோது அந்தச் சிவப்புக் கோடுதான் கண்முன் வந்தது. கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை! அக்டோபர் மாதம் மறுபடி எழுதித்தான் தேறினேன். யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சோம்பேறியும் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை படித்தவன்தான். படித்த விதம்தான் தப்பு. அது எனக்கு ஆசிரியர் வேலைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் எதிரே வருகிறார். பார்த்ததும் "இவரை எனக்குத் தெரியுமே" என்று மனசு சொல்கிறது. பேர் என்ன? வரவில்லை. தெரிந்த முகம் என்று அடையாளம் கண்டுகொள்வது ஒரு காரியம். பேரை உள்ளேயிருந்து எடுப்பது வேறொரு காரியம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும்போது நமக்கு நடக்கிறது முதல் காரியம் மட்டும். ஒவ்வொரு வரியும் தெரிந்த முகம்போல் சிரிக்கிறது. "ஆ, இது தெரியும், இதுவும் தெரியும்" என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகிறோம். பரீட்சையிலோ முகத்தைக் காட்ட மாட்டார்கள். கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு பேரை நம்மிடம் கேட்பார்கள். நாம் பழகாத காரியத்தைத்தான் அங்கே கேட்கிறார்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னச் சின்ன பாடங்கள். ஒரு கூட்டத்தார் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சராசரியாக 14 தடவை. இன்னொரு கூட்டத்தார் மூன்று நான்கு தடவைதான் வாசித்தார்கள். மீதி நேரத்தில் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததைத் தாளில் எழுதிப் பார்த்தார்கள், மூன்று முறை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 14 தடவை வாசித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. "ஒரு வாரம் கழித்து உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்னமே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் 14 தடவை வாசித்த கூட்டத்தார்தான். 1984-ல் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன் பிள்ளைகளே! வாசிக்க வாசிக்க மனசுக்கு சுகமாக இருக்கும். மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தால் திக்கும், திணறும், வெட்கமாக இருக்கும். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது.

சொல்லப்போனால் இது நம் பாட்டன் காலத்து முறை. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் தாம் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பேர், ஒரு மிருகத்தின் பேர், ஓர் ஊரின் பேர் என்று சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் வந்து மறக்காமல் அதைச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்க மாட்டார். ராத்திரி தூங்கி எழுந்து, தானாக எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரர்கள் கண்டுபிடித்ததை அந்த வாத்தியார் ஒரு தாமரைப் பூவை வைத்து நடத்தியிருக்கிறார்.

அவ்வளவு ஏன், ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லுகிறீர்களே, அதை எப்படிச் சொல்லுகிறீர்கள்? புத்தகத்தைப் பார்த்தா? டீச்சர் முன்னால் கையைக் கட்டி நின்று, இருப்பிடம், வசனம், மறுபடி இருப்பிடம். தப்பினால் திரும்ப. அதனால்தான் அந்தத் தங்கச்சிக்கு ஆறு வயசில் படித்த வசனம் இன்றைக்கும் வாயில் இருக்கிறது, போன மாதம் படித்த அமிலம், காரம் இல்லை. மூளை அதே மூளைதானே! இதை அவளிடம் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தாள்.

என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் கரையில் நிற்கிற ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்கடியில் பார் எங்கே இருக்கிறது என்று சொல்லுவார். வாடைக்கு எப்படி, கச்சானுக்கு எப்படி, கொண்டலுக்கு எப்படி என்று நீரோட்டம் எல்லாம் வாயில் இருக்கும். நோட்டுப் புத்தகம் ஏது? ஆனால் ஒவ்வொரு தடவையும் படகு கிளம்பும்போது, எந்தத் திசையில் போகணும் என்று அவர் தலைக்குள்ளிருந்து எடுத்தாக வேண்டும். தப்பினால் வலை பாரில் கிழியும். தினம் பரீட்சை எழுதின மனுஷன் அவர். மீனவன் பிள்ளைக்குப் படிப்பு மண்டையில் ஏறாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் வீட்டில் ஞாபகத்துக்குக் குறைவே கிடையாது.

சரி, எப்போது சொல்லிப் பார்ப்பது?

1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் மறதியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்குப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்துப் படித்தபோதே முதலில் பட்ட பிரயாசத்தில் பாதிக்கு மேல் மறுபடியும் பட வேண்டியிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் கவனியுங்கள், 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அதாவது, மறதி முதல் நாளில் ஓட்டமாய் ஓடுகிறது, பிறகு நடக்கிறது. அர்த்தமுள்ள பாடம் அர்த்தமில்லாத அசையைவிட நன்றாக நிற்கும், அது வேறு விஷயம். ஆனாலும் முதல் ஒரு நாளைக் கோட்டை விட்டால் நஷ்டம்தான்.

எங்கள் சாயங்கால வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தேன். ராமேஸ்வரம் விசைப்படகு எந்தெந்தக் கிழமை கடலுக்குப் போகும்? திங்கள், புதன், சனி. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். திங்கட்கிழமை ஒரு பாடம் படித்தாயா? படுக்குமுன் புத்தகத்தை மூடி, ஞாபகம் இருக்கிறதை ஒரு பழைய தாளில் எழுது. பிறகு திறந்து பார்த்து, விட்டுப்போனதை மட்டும் படி. புதன்கிழமை படகு போகும்போது அதே பாடத்தைப் பார்க்காமல் மறுபடி எழுது. சனிக்கிழமை இன்னொரு தடவை. அடுத்த திங்கள் ஒரு தடவை. அதற்குப் பிறகு மாதம் ஒன்று போதும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஐந்து தடவை படிப்பதைவிட, ஐந்து நாளில் ஒவ்வொரு தடவை எடுப்பது ரொம்ப நாள் நிற்கும். கொஞ்சம் மறந்தபிறகு எடுக்கிறதுதான் நல்லது. "ஐயோ மறந்துட்டேனே" என்று பயப்பட வேண்டாம், அதற்காகத்தானே இடைவெளி விட்டோம்.

வருஷங்களும் பேர்களும் தொங்குவதற்கு ஒரு ஆணி வேண்டும். தனியாக நிற்கிற எண் விழுந்துவிடும். நம் பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. அதே 1914-ல்தான் முதல் உலகப்போர் ஆரம்பித்தது. "பாலம் திறந்தது, போர் பிறந்தது" என்று பிள்ளைகளிடம் சொல்லுவேன், அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், மறக்காது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். அதே வருஷம் மே மாதம் நேரு இறந்தார். இனி நேரு இறந்த வருஷத்தை யாராவது கேட்டால், இந்தக் கரைப் பிள்ளை எவனாவது முழிப்பானா? தாத்தா பாட்டி அந்தப் புயல் ராத்திரியை எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள், அதை நாமே கண்ணால் பார்த்தோம். தெரிந்ததோடு தெரியாததை முடிச்சுப் போடு, வலை பின்னுகிறமாதிரி.

நீண்ட பட்டியலாக இருந்தால் முதலெழுத்து உதவும். எட்டுத்தொகை நூல்களுக்கு ந, கு, ஐ, ப, ப, க, அ, பு. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், கலித்தொகை, அகநானூறு, புறநானூறு. இதுவும் புதிதல்ல. சங்கீதப் புத்தகத்தில் 119-ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம் என்று உங்களுக்குத் தெரியும். மூல எபிரெய பாஷையில் அது 22 பகுதி, பகுதிக்கு எட்டு வசனம். எபிரெய எழுத்து 22. ஒவ்வொரு பகுதியின் எட்டு வசனமும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும். நெடுங்கணக்கைச் சொல்லிக்கொண்டே போனால் அடுத்து எந்தப் பகுதி என்று வாய்க்குத் தெரிந்துவிடும். நம் தமிழ்ப் புலவர்களின் அந்தாதியும் இப்படித்தான், ஒரு பாட்டின் கடைசி அடுத்த பாட்டின் முதல். ஏடு குறைவாக இருந்த காலத்தில் ஞாபகத்துக்குப் பாலம் கட்டி வைத்தார்கள். ஆனால் ஒன்று. முதலெழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அது எதைக் குறிக்கிறது என்று சொல்லிப் பார்க்காமல் விட்டால் பரீட்சையில் வெறும் "நகுஐப" மட்டும் மிஞ்சும். பார்த்திருக்கிறேன்!

சில பெற்றோர் என்னிடம், "இதெல்லாம் ஞாபக சக்தி உள்ள பிள்ளைக்கு. எம் பிள்ளைக்கு மந்த புத்தி. ஞாபகத்துக்கு டானிக் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வல்லாரைக் கீரை கிடைத்தால் துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரைதான். அது பாடத்தைப் படித்து வைக்காது. டானிக் வாங்குகிற காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார். பலர் பல பக்கமிருந்து கேள்வி கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், மணி அடிப்பார்கள். எல்லாவற்றையும் மனசில் வாங்கி, கலங்காமல் பதில் சொல்ல வேண்டும். 2008-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். அவதானம் செய்கிறவர்கள் சபைக்கு வருமுன் எத்தனை வருஷம் பழகியிருப்பார்கள்! பத்து அவதானம், பதினாறு அவதானம் என்று படிப்படியாக ஏறுகிற வித்தை அது. பாவலருடைய ஞாபகம் நமக்கு வேண்டாம். பத்து மார்க் கேள்வி ஒன்றை எடுத்துச் சொல்லுகிற ஞாபகம் போதும்.

அடுத்தது தூக்கம். நம் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா சிறுவயதில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து கணக்கு படிக்கப் போனார் என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். "நீயும் 4 மணிக்கு எழுந்திரு" என்று அப்பாக்கள் எழுப்புகிறார்கள். எழுப்புங்கள், ஆனால் எத்தனை மணிக்குப் படுக்க வைத்தீர்கள்? 1924-லேயே அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினவனுக்கு இருந்த ஞாபகம், படித்துவிட்டு எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது இல்லை. படித்தது மனசில் ஊறுவதற்குத் தூக்கம் வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுக்க கண்விழிப்பது, பிடித்த மீனை ஐஸ் போடாமல் வெயிலில் வைப்பதுபோல. இதையே சபையாருக்கும் சொல்லுகிறேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை அந்த வாரம் முழு இராத்திரி ஜெபத்துக்குக் கூட்டி வர வேண்டாம். நாம் ஜெபிப்போம், அவர்கள் தூங்கட்டும். இதைச் சொன்னதற்காக என்மேல் வருத்தப்பட்டவர்களும் உண்டு.

செல்போனைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. படிக்கிற அறையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு அறைதான் வீடு என்றால் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

இனி ஹாலுக்குள். கேள்வித்தாள் கொடுத்தபின் வாசிக்க 10 நிமிஷம் தருகிறார்கள். அந்த நேரத்தில் தெரியாத கேள்வியைப் பார்த்து மனசு உடைந்து போகாதே. தெரிந்ததை முதலில் குறித்துக்கொள். பயம் வந்தால் உள்ளே இருப்பதும் வெளியே வராது. அது மறதி இல்லை, வாசல் சாத்தியிருக்கிறது. கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணு, நாலு தடவை மெதுவாக மூச்சு விடு, தெரிந்த கேள்வியை எழுத ஆரம்பி. வராத விடைக்கு இடம் விட்டு வை. அந்தப் பாடத்தில் வேறு என்ன தெரியும், எந்தப் படம் இருந்தது, எந்தக் கிழமை எழுதிப் பார்த்தேன் என்று அக்கம்பக்கத்தைத் தொட்டால், பல தடவை அது தானாக எழுந்து வரும். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவரின் பேர், வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது வருகிறதல்லவா, அப்படி.

பேனாவை ஜெபித்துத் தரச் சொல்லிக் கொண்டு வருகிறீர்கள். ஜெபித்துத்தான் தருகிறேன், இந்த வருஷமும் தருவேன். ஆனால் பிள்ளைகளே, பேனாவுக்கு அறிவியல் தெரியாது. உங்கள் உள்ளே வைத்திருப்பதைத்தான் ஆவியானவர் நினைப்பூட்ட முடியும். வைக்காததை எங்கேயிருந்து நினைப்பூட்டுவார்?

அந்தத் தங்கச்சி முதல் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பாடத்தில் இருந்த 11 குறிப்பில் 4-ஐ மட்டும் எழுதினாள். தாளைக் கசக்கிவிட்டாள். "எட்டுத் தடவை படிச்சது நாலுதானா?" என்று கேட்டாள். புதன்கிழமை 6. சனிக்கிழமை 9. இப்போது வீட்டு வாசலில் தம்பியை உட்கார வைத்து, அவன் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இவள் சொல்லுகிறாள். அவன் மூன்றாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆனாலும் இவள் ஒரு வார்த்தை விட்டால் "அக்கா, தப்பு" என்று கத்துகிறான். போன வாரம் அவள் அம்மா வேலை முடிந்து வந்து, நண்டு வாசம் போகாத கையோடு அந்த வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள்.

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அவளைப் போன்ற பிள்ளைகள் யாராக இருந்தாலும், எந்தச் சபையாக இருந்தாலும், படகு போகிற நாட்களில் சாயங்காலம் 6 மணிக்கு நம் சபைக் கூடத்துக்கு வரலாம். புத்தகத்தோடு ஒரு பக்கம் எழுதின பழைய தாள் கொஞ்சம் கொண்டு வாருங்கள். பின்பக்கம் போதும்.